நூத்தி இருபத்தஞ்சு சிசி

கீழ்பென்னாத்தூர் தசரதனுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு சங்கதிதான், எஞ்சின் எத்தனை சிசி என்பது. யார் வண்டியில் வந்து வாசலில் இறங்கினாலும் "எத்தினி சிசி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்கா மகன் செங்கம் ரோட்டில் லாரிக்கு அடியில் போனான். சாவுக்கு வந்த சனம் முழுக்க "நானூறு சிசி வண்டியாம், நானூறு சிசியாம்" என்றே பேசிவிட்டுப் போனது. லாரிக்காரன் குடித்திருந்ததை ஒருத்தரும் பேசவில்லை. ஊர்வாயில் விழுந்த அந்த நம்பர்தான் தசரதன் மனசில் எமனுடைய நம்பராகத் தங்கிப்போனது.

அவருடைய ஒரே பிள்ளை பாலாஜி, திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்த்தான். வருகிற வெள்ளைக்காரர்களுக்கும் வடக்கத்தியர்களுக்கும் அறைச்சாவி கொடுக்கிற வேலை. முறைவேலை முடிந்து வரும் நேரத்துக்குப் பஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. வண்டி வாங்கவேண்டும் என்றான், சரி. ஸ்போர்ட்ஸ் வண்டிதான் வேண்டும் என்றான். அங்கேதான் வீடு இரண்டாகப் போனது. அப்பனும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாசம் ஆனபிறகு, பாலாஜியின் அம்மா சந்திரம்மாள் நடுவில் புகுந்து ஒரு ராசிக்குக் கொண்டுவந்தாள். நூற்றைம்பது, நூற்றறுபது சிசி வண்டியாக இருந்தால் வாங்கலாம்.

ஆனால் கடைக்குப் போனால் அந்த வண்டி இல்லை.

"அத கம்பெனி நிறுத்திட்டாங்க சார்" என்றாள் ஷோரூமில் இருந்த வினோதினி. "இப்ப ரெண்டே மாடல்தான். ஒண்ணு நூத்தி இருபத்தஞ்சு, இன்னொண்ணு முன்னூத்தி நாப்பத்தொம்பது."

"நடுவுல ஒண்ணுமே இல்லியாம்மா?"

"இல்ல சார். முன்னூத்தி அம்பதுக்கு மேல போனா வரி ஜாஸ்தி ஆயிடுச்சு. அதனால பெரிய வண்டிய அந்தக் கோட்டுக்கு உள்ள கொண்டாந்துட்டாங்க. காலேஜ் பசங்க சின்னதத்தான் வாங்கறாங்க. நடுவுல இருந்தது ஓடல."

எந்த எஞ்சினைச் செய்வது, எதை நிறுத்துவது என்று எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறவர்களுக்குக் கீழ்பென்னாத்தூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. விற்கிறதைச் செய்வார்கள், விற்காததை நிறுத்துவார்கள், அது வியாபாரம். அதோடு விட்டால் பரவாயில்லை. சின்ன வண்டிக்கும் பெரிய வண்டியின் முகத்தையே வைத்துவிட்டார்கள். அதே சிவப்பு, அதே முறைக்கிற விளக்கு, அதே புடைத்த டேங்க். பக்கவாட்டில் ஒட்டியிருந்த நம்பரைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தசரதனால் முடியவில்லை.

"நூத்தி இருபத்தஞ்சு குடும்மா" என்றார்.

பாலாஜி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வினோதினிக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சார். பெரிய வண்டில ஏபிஎஸ் வருது. சடனா பிரேக் புடிச்சா சக்கரம் அப்படியே நின்னு வழுக்கி உடாது. இந்தச் சின்ன வண்டில அது கிடையாது. இந்த சைஸுக்கு கட்டாயம் இல்லன்னு வைக்கல."

"பிரேக்கு இருக்குதில்ல?"

"இருக்கு சார்."

"அது போதும்."

"ப்பா, அவங்க சொல்றத கொஞ்சம் கேளுப்பா" என்றான் பாலாஜி.

"ஓடற வேகம் இருந்தாத்தானடா பிரேக்கப் பத்திக் கவலப்படணும்? பெருசத் தலையில கட்டறதுக்கு நாலு கத சொல்லுவாங்க. நீ சும்மா இரு."

கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்றுதான் தசரதன் நினைத்தார். புது வண்டியை ராஜகோபுரத்து வாசலில் நிறுத்தி, பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அக்கா மகனுக்கு வந்த விதி தன் பிள்ளைக்கு வராமல் அடைத்துவிட்டதாக அவருக்குள் ஒரு நிம்மதி. அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடவே சாப்பிட்டார்.

விடுதியில் உடன் வேலை செய்கிறவர்கள் பாலாஜியை ஓட்டினார்கள். புலி வேஷம் போட்ட பூனை என்றார்கள். முறுக்கினால் சத்தம் வருகிறது, வண்டி வரவில்லையே என்றார்கள். அவன் சண்டை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பனுக்குத் தெரியாமல் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து அந்த நம்பர் ஸ்டிக்கரை மட்டும் உரித்துப் போட்டான். இந்த வயசுப் பிள்ளைகள் எல்லாரும் செய்கிறதுதான். இனி ரோட்டில் பார்க்கிறவனுக்கு அது பெரிய வண்டி. வேகமாக ஓட்டுகிற சுபாவம் அவனுக்கு என்றைக்குமே இல்லை, தோரணைதான் வேண்டியிருந்தது.

தை பிறந்து நெல் அறுத்தார்கள். காயவைக்கச் செஞ்சி ரோட்டை விட்டால் இடம் ஏது? தார் ரோட்டுச் சூட்டில் ஈரம் சீக்கிரம் இழுக்கும். பாதி ரோடு நெல்லுக்கு, பாதி ரோடு வண்டிக்கு, நடுவில் எல்லைக்குக் கல் வரிசை. போலீஸ் வந்து சத்தம் போட்டால் அள்ளுவார்கள், தலை மறைந்ததும் பரப்புவார்கள். இதில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. நெல்லில் வழுக்கி யாராவது விழுந்தால் முதலில் நெல்லை அள்ளவேண்டும், அப்புறம்தான் ஆளைத் தூக்கவேண்டும். ரோட்டில் நெல் கிடந்தால் வழக்கு நெல்லுக்காரன் மேல் வரும், இல்லாவிட்டால் தப்பு விழுந்தவன் பேரில் போய்விடும். உட்கார்ந்து பேசி வைத்த சட்டமில்லை, ஆனால் ஊரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதுவரை விழுந்தவர்கள் முட்டி தேய்ந்ததோடு எழுந்துகொண்டார்கள். பால்காரர் ஒருத்தர் விழுந்தபோது டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்து அனுப்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை பாலாஜிக்கு ராத்திரி முறை. பொழுது சாயும்போது மலைப்பக்கம் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. தசரதனும் பக்கத்து நிலத்துக்காரர் ஆதிமூலமும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தூறல் போட்டது. சனிக்கிழமையானால் பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பெரிய பெரிய வண்டிகள் அந்த ரோட்டில்தான் சீறிக்கொண்டு போகும். தசரதன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்திருப்பார்.

செஞ்சிப் பக்கமிருந்து ஒரு பஸ், முன்னால் போன டிராக்டரை முந்திக்கொண்டு, விளக்கை முழுசாகப் போட்டபடி வந்தது. எதிரே திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த சிவப்பு வண்டிக்கு வழியில்லை. இடது பக்கம் ஒதுங்கி நெல்மேல் ஏறியது. ஓட்டியவன் பிரேக்கைப் பிடித்தான். முன் சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்று, கோலிக்குண்டின்மேல் கால் வைத்த மாதிரி வண்டி வழுக்கிச் சாய்ந்தது. ஆள் போய்க் கல் வரிசையில் விழுந்தான். பஸ் நிற்கவே இல்லை. வினோதினி சொன்ன அந்தச் சமாசாரம் வண்டியில் இருந்திருந்தால் தப்பித்திருப்பானா என்று யாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அது இல்லை.

"யோவ் தசரதா, உழுந்துட்டான்யா!" என்று ஆதிமூலம் கத்தினார்.

தசரதன் பார்த்தார். மழைக்கோட்டு, கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட், புடைத்த டேங்க். பக்கவாட்டில் சிசி நம்பர் ஏதும் ஒட்டியிருக்கவில்லை. அக்கா மகனைத் தின்ற வண்டியின் சாதி என்று அவருக்குப் பட்டது. வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது, இரக்கம் வரவில்லை.

"பெங்களூர்க்காரன்யா. நானூறு சிசி. பறந்து வந்திருப்பான். மொதல்ல நெல்ல அள்ளு."

"ஆம்புலன்ஸுக்கு போன் போடட்டா?"

"அள்ளிட்டுப் போடு. அவனுங்க வர்றதுக்குள்ள ரோடு சுத்தமாவணும்."

பலகையால் தள்ளினார்கள், துடைப்பத்தால் பெருக்கினார்கள். நாலு பேருக்கும் கை பரபரவென்று ஓடியது. கூலிக்காரப் பெண் ஒருத்தி நிமிர்ந்து, "அண்ணே, கை ஆடுது. உசுரு இருக்குதுண்ணே" என்றாள்.

"இருக்கட்டும், நல்லதுதான். நீ அள்ளு."

குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எல்லைக்கு வைத்த கற்களைப் பொறுக்கி வாய்க்காலில் போட்டார்கள். ஒரு கல்லில் ரத்தம் இருந்தது, அதையும் தசரதன்தான் தூக்கிப் போட்டார். அப்புறம்தான் ஆதிமூலம் போனை எடுத்தார். அந்த நேரம் சந்திரம்மாள் வெறுங்கோணிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடி வந்து சேர்ந்தாள்.

"இன்னாங்க, பாலாஜி வந்துட்டானா? மேகமா இருக்குதேன்னு ராத்திரி டூட்டிய மாத்திக்கினு, மூட்ட கட்ட ஒத்தாசைக்கு வர்றேன்னு போன் பண்ணானே."

தசரதன் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போடக்கூட மறந்து ஓடினார். கறுப்புக் கண்ணாடியை மேலே தூக்கினார். பாலாஜியின் கண் திறந்திருந்தது. அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான், சத்தம் வரவில்லை. சந்திரம்மாள் போட்ட கூச்சல் வயல்வெளி முழுக்கக் கேட்டது.

திருவண்ணாமலைப் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அவன் அடங்கிவிட்டான். டாக்டர் நல்ல மனுஷர், தோளைத் தொட்டு ஆறுதலாகத்தான் சொன்னார். "கொஞ்சம் முந்தி கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம் பெரியவரே. ரத்தம் நிறைய போயிடுச்சு." அந்த ஆறுதலைவிட அவர் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

விடிந்து, பிணவறைக்கு வெளியே சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஆதிமூலம் முந்திக்கொண்டார். ஊர்க்காரனைக் காப்பாற்றுகிற நினைப்பு அவருக்கு, தன் நெல்லும் அங்கேதான் காய்ந்தது என்கிற பயமும்தான்.

"பறந்து வந்தான் சார். இந்தக் காலத்துப் பசங்க கேக்கறாங்களா? ரேஸ் வண்டி."

"ரோட்டுல எதுனா இருந்துச்சா? நெல்லு, கல்லு?"

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருந்துச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் தசரதன் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அப்பாவா? நேர்ல பாத்தீங்களாமே. வேகமா வந்தானா?"

ஆதிமூலம் தசரதனின் முழங்கையை அழுத்தினார். இனிமேல் எதைச் சொன்னாலும் பிள்ளை திரும்பப் போவதில்லை, ஊரைப் பகைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு கணக்கு அவருக்குள் ஓடியது. கேடுகெட்ட கணக்கு. பெற்ற பிள்ளைமேல் பழியைப் போட்டுத் தான் தப்பிக்கிற கணக்கு.

"ஆமா சார்" என்றார். "வேகமாத்தான் வந்தான்."

சுவரோரம் சுருண்டு கிடந்த சந்திரம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க அழுது தொண்டை கட்டியிருந்தது.

"பொய் சார்" என்றாள். "அந்த வண்டி எங்க பறக்கும்? மாடு முட்டும்னு கன்னுக்குட்டியப் புடிச்சாந்தாப்ல, இவருதான் பாத்துப் பாத்து சின்னதா வாங்கிக் குடுத்தாரு. ரோட்டுல எங்க நெல்லு இருந்துச்சு சார். நான் கோணி எடுத்துக்கினு போறேன், எம்புள்ள ஒரு பக்கம் கெடக்கறான், இவங்க நெல்ல தார்ப்பாய் போட்டு மூடிட்டு நிக்கறாங்க. அவன் ஒத்தாசைக்கு வந்தவன் சார். செத்துப்போன புள்ளய திமிரு புடிச்சவன்னு எழுதாதீங்க."

ஆதிமூலம் மெல்ல நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தசரதனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாய்யா சொல்லுது உன் பொண்டாட்டி? புள்ள உழுந்து கெடக்கச் சொல்ல நெல்ல அள்ளினியா?"

"எம்புள்ளன்னு தெரியாது சார்" என்றார் தசரதன். அவருக்கே அது கேவலமாகக் கேட்டது. யாரோ பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் சரியா என்று அவர் கேட்கவில்லை, சந்திரம்மாளும் கேட்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். தசரதன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். பிறகு எடுத்தார்.

"அள்ளினேன் சார். முழுசா அள்ளிட்டுத்தான் போய்ப் பாத்தேன்."