காலையில் பிடிக்கும் முதல் தண்ணீர்

செஞ்சி பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த செப்புத் தண்ணீர்த்தொட்டி விடியலில் தங்கமாக மின்னும். நெல் மண்டி நடத்தும் பெலிக்ஸ், தன் அம்மா லூர்துமேரியின் நினைவாக வைத்தது. மண்டியைத் திறக்கும் முன் அதைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைக்கிற வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை.

அன்றும் துணியோடு வந்தார். பூ விற்கும் வளர்மதி குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் அவளுக்கு.

"ராவெல்லாம் செம்புல கெடந்த தண்ணி, வவுத்துப் புள்ளைக்கு நல்லதாம்ணா. அதான் யாரும் தொடுறதுக்கு முன்னாடியே வந்துடுறேன்" என்றாள்.

பெலிக்சுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவோடுதான் விழுப்புரத்து ஆய்வகத்திலிருந்து வந்திருந்த ஜெயசுதாவை வரவேற்றார். ஊர்த் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் மட்டும் சோதித்தால் போதாது, ஜனங்கள் குடிக்கும் குழாயிலேயே சோதிக்க வேண்டும் என்று பேரூராட்சி அந்த ஆண்டுதான் தீர்மானம் போட்டிருந்தது. போன வாரம் அவள் வந்து தண்ணீர் எடுத்துப் போயிருந்தாள்.

ஜெயசுதா பையிலிருந்து இரண்டு உருண்டைக் கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டும் இங்க புடிச்சதுதான் சார். ஒண்ணு காலையில தொறந்ததும் வந்த தண்ணி. இன்னொண்ணு ரொம்ப நேரம் ஓடவுட்டுப் புடிச்சது."

பெலிக்ஸ் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டிலும் ராஜகிரி மலை, உச்சிக் கோட்டையோடு தலைகீழாக, தூசு தும்பில்லாமல் தெரிந்தது.

"ஒரே மாதிரிதானே இருக்குது மேடம்?"

"மொதல் புட்டியில காரீயம் இருக்குது. செம்பும் அளவுக்கு மேல. ஊர்த் தண்ணி சுத்தமாத்தான் வருது. இந்தத் தொட்டியோட மூட்டுலயும் குழாயிலயும் காரீயம் வெச்சுப் பத்தவெச்சிருக்காங்க. தேங்கி நிக்கிற தண்ணியில அது கரையுது. கொழந்தைங்க மூளையதான் மொதல்ல பாதிக்கும். வயித்துல இருக்கிறதையும் விடாது."

அவர் மறுபடியும் புட்டியைப் பார்த்தார். நிறமில்லை. முகர்ந்தார், வாசனையில்லை. இவ்வளவு பெரிய மலையைக் காட்டுகிற தெளிவு, தனக்குள் இருக்கும் நஞ்சைக் காட்டவில்லையே என்று திகைத்து நின்றார்.

ஆனாலும் வாய் வேறு பேசியது. "மேடம், எங்கம்மா பேரு எழுதியிருக்குது அதுல. ஓடவுட்டுப் புடிச்ச தண்ணிய மட்டும் காட்டிடலாமே?"

"காட்டலாம் சார். பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பூக்காரம்மா குடிக்கிறது எந்தத் தண்ணி?"

பெலிக்ஸ் திரும்பினார். வளர்மதி பாட்டிலை வாயருகே கொண்டு போயிருந்தாள். வேட்டி தடுக்க ஓடிப்போய்ப் பிடுங்கினார்.

"இன்னாண்ணா?" என்று மிரண்டாள்.

"குடிக்காத வளரு. புண்ணியம்னு நெனச்சு வெஷத்த வெச்சிருக்கேன்."

தொட்டியின் வால்வை அவரே இறுக்கி மூடினார். அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரத்தத்தில் காரீயம் கொஞ்சம் ஏறியிருந்தது. நல்லவேளை, சீக்கிரமே தெரிந்தது என்றார் டாக்டர். ஐப்பசி மழையில் பிறந்த பெண் குழந்தை நல்லபடியாக இருக்கிறது. பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் தூக்கிப்போகிறார்கள்.

செப்புத் தொட்டி இறங்கியது. சோதித்து வாங்கிய ஸ்டீல் தொட்டி ஏறியது. பள்ளிக்கூடம், பால்வாடி என்று ஒவ்வொரு குழாயிலும் காலையின் முதல் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி பெலிக்ஸ் பேரூராட்சிக்கு நடையாய் நடந்து, அதையும் நடத்திக் காட்டினார்.

"பழைய தொட்டி எவ்ளோ அழகு, ஊருக்கே பெருமையா இருந்திச்சே" என்று கடைக்காரர் ஒருவர் குறைப்பட்டார்.

"தண்ணிக்கு அழகு முக்கியமில்லப்பா" என்றார் பெலிக்ஸ். "கண்ணும் நாக்கும் ஏமாந்துபோற எடத்துல சோதனைதான் காப்பாத்தும். நல்ல மனசு இருந்தா மட்டும் போதாது. அடுத்தவன் வாய்க்குப் போற தண்ணிய சோதிச்சுப் பாக்காம குடுக்கறது தர்மமே இல்ல."