இடைவேளையில் பூட்டிய கதவு

நோபல் பார்க் கால்பந்து மைதானத்தில் இடைவேளை விசில் ஊதியபோது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கோல்காப்பாளன் நிதுஷன் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி சிகிச்சை அறைக்குள் வந்தான். கழகத்தின் பிசியோ தாட்சாயினி ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்தாள்.

"முறியேல்லை. சுளுக்குத்தான். கட்டிவிடுறன், விளையாடலாம்."

"தாங்ஸ் அக்கா. கை இல்லாட்டி எலக்ட்ரீசியன் வேலையும் போயிடும்."

அப்போது அவளுடைய அண்ணன் வாசுதேவன் உள்ளே வந்து கதவைப் பூட்டினான். பிசியோவின் அண்ணன் என்று வாசலில் யாரும் அவனை மறிப்பதில்லை.

வாசுதேவன் வேலையை விட்டு எட்டு மாதம். ஆட்டங்களின் இரண்டாம் பாதியில் என்ன நடக்கும் என்று ஊகித்துப் பங்கு வாங்கி விற்கும் பந்தயச் சந்தை ஒன்று அவன் போனில் இருந்தது. சொன்னது நடந்தால் பங்குக்கு ஒரு டொலர். நடக்காவிட்டால் போட்டது போச்சு. நிதுஷன் கை ஊன்றி விழுந்ததைக் கண்டதும், இரண்டாம் பாதியில் இந்தக் கழகம் கோல் வாங்கும் என்று கையிலிருந்த அவ்வளவையும் போட்டிருந்தான்.

"தாட்சா, இவனுக்கு விளையாட ஏலாது எண்டு கோச்சிட்டச் சொல்லு."

"அண்ணா, வெளியில போ."

"போன மாசம் ஃபோர்வேர்டுக்குத் தொடை பிடிச்சிட்டுது எண்டு நீதானே சொன்னனீ? இப்ப மட்டும் என்ன நல்லபிள்ளை வேசம்?"

சாப்பிடும்போது வாய்தவறிச் சொன்னது அது. அதை வைத்து அவன் பந்தயத்தில் காசு உழைத்தது பிறகு தெரிந்தும் அவள் கழகத்துக்குச் சொல்லவில்லை.

நிதுஷன் அவளையே பார்த்தான். அந்தக் கணத்தில் வாசுதேவன் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி, மேசையில் கிடந்த அந்தக் கையின் மேல் ஓங்கி இறக்கினான்.

எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. நிதுஷன் அலறிக்கொண்டு தரையில் சரிந்தான். உருளை மறுபடி உயர்ந்தது. தாட்சாயினி அண்ணனின் தோளில் பாய்ந்து தொங்கினாள். அவன் முழங்கையால் அவள் வாயில் இடித்தான். இரண்டு பற்கள் நாக்கில் உருண்டன. கைக்கு அகப்பட்ட ஊன்றுகோலால் அவன் முழங்காலில் அடித்தாள். விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தாள். தோளில், விலாவில், முகத்தில். கதவை உடைத்து வந்தவர்கள் இழுத்துப் பிடிக்கும்வரை அவளால் நிறுத்த முடியவில்லை.

தடுப்பாட்டக்காரன் ஒருவனைக் கோலில் நிறுத்தி ஆட்டத்தை முடித்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, விலங்கு போட்ட கையோடு, இரத்தம் வழிய வாசுதேவன் கேட்டான்:

"கோல் விழுந்ததோ?"

விழவில்லை.

பொலிஸ் என்ன நடந்தது என்று கேட்டபோது இன்றைய சண்டையிலிருந்து தொடங்கியிருக்கலாம். அவள் போன மாதத்துச் சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்கினாள். கழகம் அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிதுஷனின் கையில் எலும்பைப் பொருத்த ஏழு கம்பிகள் குத்தியிருந்தன.

"எல்லாம் பொலிசுக்குச் சொல்லிட்டன். நான் செய்ததையும்."

அவன் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இனி என்ர கையை நீங்கள் தொடாதேங்கோ அக்கா."

"ஓம்" என்றாள். அவனுடைய விரல்களுக்கான பயிற்சிகளை எழுதிக் கொண்டுவந்த தாளைத் தாதியிடம் கொடுத்துவிட்டு, படிகளில் மெதுவாக இறங்கினாள்.