ஓடும்போது எத்தனை அடி

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பம்ப் ஆபரேட்டருக்குத் தன் கிணற்றின் மேல் அபார நம்பிக்கை. எட்டு மாதமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு, டேப்பின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் நிற்கிறது என்று நோட்டில் எழுதுவார். எல்லாப் பக்கத்திலும் பதினெட்டு. தீயணைப்பு பம்பின் அடியில் தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள் இருக்கின்றன. கீழிருந்து இரண்டாவது சக்கரம் இருபத்தெட்டாவது அடியில். அது தண்ணீருக்கு மேல் தலைகாட்டக் கூடாது என்பது விதி. பத்தடி மிச்சம். ஆபரேட்டர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் அவருடைய கொழுந்தியாள். சான்றிதழ் கிடைத்தால்தான் திங்கட்கிழமை அட்டை அடுக்கும் புதிய கூடம் திறக்கும். திறந்தால்தான் ஆபரேட்டரின் மனைவிக்கு, அதாவது இன்ஸ்பெக்டரின் அக்காவுக்கு, அங்கே வேலை. குடும்பமே ஒரு கிணற்றில் தொங்கியது.

“அத்தான், இதெல்லாம் பம்ப் ஓடாதப்ப எடுத்ததா?” என்றாள் நோட்டைப் புரட்டிய இன்ஸ்பெக்டர்.

“ஓடுறப்ப எதுக்கும்மா? ஒரே இரைச்சலா இருக்கும்.”

“தீப்பிடிச்சா பம்பை நிறுத்தி வச்சுட்டா அணைப்பீங்க? ஓடுறப்ப தண்ணி எவ்வளவு இறங்குதுங்கறதுதான் கணக்கு. போடுங்க. வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளட்டும்.”

பம்ப் உறுமியது. டேப் ஆபரேட்டர் கையில். கிணற்று வாயை அவர் உடம்பே அடைத்திருந்தது. இருபது, இருபத்து நான்கு என்று இறங்கிய தண்ணீர் கடைசியில் இருபத்தொன்பதில் நின்றது. இருபத்தேழு என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் மலைமலையாக அடுக்கிய அட்டைக்கு நடுவே மனைவி உட்கார்ந்திருப்பது கண்முன் வந்து தொலைத்தது.

“இருபத்தொம்பது!”

“என்னது?”

“இருபத்தொம்பதும்மா! ஊருக்கே கேக்கணுமா?”

இன்ஸ்பெக்டர் ‘தேறவில்லை’ என்று எழுதினாள். “அக்கா என்னைக் கொல்லப்போறா.”

“நீ வரிசையில நில்லு. முதல்ல நான்.”

“கிணறு அம்பதடி ஆழம் இருக்குல்ல? இன்னொரு குழாய் சேர்த்து பம்பை இறக்குங்க. நாளைக்கு வர்றேன்.”

மறுநாள் காலை ஃபிட்டரும் நான்கு ஆட்களும் சங்கிலிக் கப்பி போட்டுப் பம்பைத் தூக்கி, பத்தடிக் குழாயும் சக்கரங்களைச் சுழற்றும் தண்டும் சேர்த்து இறக்கினார்கள். இரண்டாவது சக்கரம் முப்பத்தெட்டுக்குப் போனது. மதியச் சோதனையில் தண்ணீர் மறுபடியும் இருபத்தொன்பதிலேயே நின்றது. இந்தத் தடவை டேப்பை இன்ஸ்பெக்டரே குனிந்து படித்தாள். ஒன்பதடி மிச்சம். கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேட்டர் வீட்டுக்கு போன் போட்டார். “திங்கக்கிழமை வேலைக்குக் கிளம்பு.”

“நேத்து எதுக்காம் ஃபெயில் போட்டா அவ?”

“நான்தான் போட வச்சேன்.”

“உங்களைக் கட்டிக்கிட்டு...” என்று ஆரம்பித்தவள், சிரிப்பு வந்துவிட்டதால் முடிக்கவில்லை.