கை தட்டாமல் ஒரு சாப்பாடு

என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு வாய் உணவு உள்ளே போக மூன்று பெரியவர்கள் தேவைப்பட்டார்கள். ஊட்ட ஒருவர், ஆட ஒருவர், ஓடிவிடாமல் கதவை மறிக்க ஒருவர். ஊட்டுவது நான். கதவு என் கணவர். ஆட்டம் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. மேல்மாடியில் இருந்த அண்ணிக்குப் பேருந்து ஓட்டுவது வேலை. வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் இறங்கி வந்து, எங்கள் சமையலறையைச் சுற்றி இன்னொரு முறை பேருந்து ஓட்டுவார்.

"பல்லு ஸ்டாப் வந்தாச்சு! முன்னாடி நிக்கறவங்க உள்ள தள்ளிப் போங்க!"

குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும் அந்த நொடியில் நான் கரண்டியை உள்ளே விட்டுவிடுவேன். இரண்டு வாரத்தில் அவளுக்குப் பேருந்து அலுத்துப்போய் ரயில் கேட்டாள். பிறகு கப்பல். கப்பலுக்காக என் கணவர் சாப்பாட்டு மேசையையே கவிழ்த்துப் போட்டார். அன்று யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அவள் குச்சியாகவே இருந்தாள். குண்டூசி என்று பெயர் வைத்தது அண்ணிதான்.

மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்து நோய் எதுவும் இல்லை என்றார்கள். குழந்தைகளின் சாப்பாட்டுப் பிரச்சினையைப் பார்க்கவென்றே அங்கே ஒரு செவிலி இருந்தார். நாங்கள் ஊட்டும் அழகைச் செய்துகாட்டச் சொன்னார். அண்ணி ஹாரன் அடித்து முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்தார்.

"இவ சாப்பிடலைம்மா. நீங்க மூணு பேரும் நாடகம் போடுறீங்க. டிக்கெட்டுக்குப் பதிலா இவ ஒரு வாய் வாங்கிக்கிறா."

அண்ணிக்கு முகம் தொங்கிவிட்டது.

"என்ன சாப்பாடு, எப்போ, எங்க உக்காந்துன்னு முடிவு பண்றது உங்க வேலை. சாப்பிடலாமா வேண்டாமா, எவ்வளவுங்கறது அவ வேலை. அவ வேலையில நீங்க கை வைக்காதீங்க. திட்ட வேண்டாம். கை தட்டவும் வேண்டாம். மூணு வாரம் தர்றேன். இருநூறு கிராமாவது ஏறலைன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா ட்யூப் போட வேண்டியிருக்கும்."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அந்தச் சின்ன மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் கணவர் தராசு பழுதுபார்ப்பவர். கடைத் தராசு, மூட்டைத் தராசு, நகைத் தராசு எதுவானாலும் முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்திவிடுவார். மனுஷன் பொய் சொல்வான், தராசு சொல்லாது என்பது அவருடைய மதம். அப்படிப்பட்டவரிடம் போய் அளவைப் பார்க்காதே என்றால்?

"எவ்வளவு சாப்பிடறதுங்கறது அவ வேலை. சரி. எவ்வளவு சாப்பிட்டான்னு பாக்கறது என் வேலை" என்று, பட்டறையிலிருந்து வட்ட முகம் வைத்த பெரிய கடைத் தராசு ஒன்றைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். பின்மூடி தொலைந்துபோன பழைய தராசு. தட்டை முதலில் நிறுத்து வைப்போம். அவள் முன்னால் நிற்கக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் போய் நிற்போம். சத்தம் அடங்கியதும் தட்டை மறுபடி நிறுப்போம். கீழே சிந்தியதை வழித்து அதையும் நிறுத்துக் கழிப்பார். வாய் துடைத்த துணியையும் விடமாட்டார்.

முதல் நாள் எண்பது கிராம் உருளைக்கிழங்கு மசியல் காணவில்லை. மறுநாள் நூறு. மூன்றாம் நாள் முட்டையோடு நூற்றிருபது! முள் பின்னால் போவதைப் பார்த்து நாங்கள் மூவரும் கை தட்டினோம். குண்டூசியும் தட்டினாள். அண்ணி என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

நான்காம் நாள் முள் நகரவில்லை. தட்டை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அசையவில்லை. மேசையருகே ஏதோ ஒரு வாடை இரண்டு நாளாகவே இருந்தது. தராசைத் திருப்பிப் பின்பக்கத்தில் கையை விட்டார். கை நிறைய மசியல் வந்தது. இன்னொரு கை விட்டார். பட்டாணி, பாதி முட்டை, நசுங்கிய வாழைப்பழம்.

இருபது வருடத் தொழிலில் அப்படி ஒரு பழுதை அவர் பார்த்ததில்லை.

"ஏண்டி குண்டூசி, இது என்ன?"

"அதுக்குப் பசிச்சுது" என்றாள். "நான் குடுத்தா நீங்க எல்லாரும் கை தட்டுறீங்க."

அண்ணிதான் முதலில் சிரித்தார். பிறகு நான். அவர் மசியல் கையோடு தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், "நாலு நாளா புள்ள ஒண்ணுமே சாப்பிடல" என்று சொல்லி நிறுத்தினார்.

செவிலிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தனியா விடச் சொன்னேனா? கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்கம்மா. தராசு மட்டும் சாப்பிட வேண்டாம்" என்றார்.

தராசு பட்டறைக்குப் போயிற்று. நாங்கள் நால்வரும் மேசையில் உட்கார்ந்தோம். எல்லாரும் சாப்பிடும் அதே சாப்பாடு நடுவில். என் கணவர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வார். இல்லாவிட்டால் தானாகக் கரண்டிக்குப் போய்விடுமாம். அண்ணி பேருந்தில் அன்று ஏறிய கோழியைப் பற்றிச் சொல்வார். முதல் நாள் குண்டூசி ஒரு ரொட்டித் துண்டை நக்கிவிட்டு வைத்தாள். இரண்டாம் நாள் பட்டாணியை அண்ணி மேல் எறிந்தாள். அண்ணி தலையிலிருந்து அதை எடுத்துத் தின்றுவிட்டுக் கோழிக் கதையைத் தொடர்ந்தார்.

நான்காம் நாள் அவள் அப்பா தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள். கடித்தாள். விழுங்கினாள்.

நாங்கள் மூவரும் சிலையானோம். அவர் மெல்ல எழுந்தார். "கை கழுவிட்டு வர்றேன்" என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாய் திறக்கும் சத்தம். அதற்குள் படபடவென்று கைதட்டல். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். உடனே அண்ணி எழுந்தார். "எனக்கும் கழுவணும்." அடுத்து நான்.

அதன்பின் ஒவ்வொரு வேளையும் இதுதான். இரண்டாம் வாய்க்கு ஒருவர் ஓடுவார், பாலைத் தானே குடித்தால் இருவர். ஒருநாள் மூவரும் ஒன்றாக உள்ளே மாட்டிக்கொண்டு, தொட்டி நிரம்பி வழிய, வாயைப் பொத்திச் சிரித்தோம். "உங்க கையெல்லாம் ரொம்ப அழுக்கு" என்றாள் குண்டூசி.

என் கணவர் காலமாகி ஆறு வருடமாகிறது. இப்போதும் ஏதாவது நல்ல செய்தி வந்தால் நான் குழாயைத் திறந்துவிட்டுத்தான் கை தட்டுகிறேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு ஜோடிக் கையும் மூன்று ஜோடி போலக் கேட்கிறது.

செவிலி தந்த அந்த மூன்று வாரத்தின் கடைசியில் மருத்துவமனைக்குப் போனோம். தராசின் பக்கம் பார்க்கக் கூடாது என்று அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"நூத்தி அறுபது" என்றார் செவிலி.

இருநூறுக்கு நாற்பது குறைவு. அவர் நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றார். செவிலி சேர்க்கைப் படிவத்தை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், யோசித்தார்.

குண்டூசி தராசிலிருந்து இறங்கி செவிலியின் மேசையருகே போனாள். அங்கே அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

அந்த வார்த்தையைத் தனக்காக அவள் சொல்லி நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் சுவரிலிருந்து திரும்பினார். அண்ணி என் கையைப் பிடித்து நசுக்கினார். செவிலி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரு முழு வாழைப்பழத்தைத் தின்றாள். பிறகு முட்டை. பிறகு ரொட்டியில் பாதி. மீதியைத் தள்ளிவைத்து, "போதும்" என்றாள்.

செவிலி பேனாவை மூடினார். படிவத்தை இழுப்பறைக்குள் வைத்தார்.

"இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போங்க" என்றார், குரலில் எதையும் காட்டாமல். "ஒரு நிமிஷம். கை கழுவிட்டு வந்துடறேன்."

பக்கத்து அறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறந்தது.