விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுவதுதான் தங்கைக்காரிக்குப் பிழைப்பு. விழா வாரம் வந்துவிட்டால் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரிதான். கடிகாரக் கோபுரம், மூடிப்போன அச்சகம், கல் பாலம் என்று கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்து, கடைசியில் அக்கா வீட்டு மாடியில் ஏற்றுவாள். அந்த மரப் பால்கனியில் நின்று ஊர்வலம் பார்க்கவென்றே வெளியூரிலிருந்து ஆள் வரும்.

அவர்கள் அப்பா பிறந்த வீடு அது. இப்போது அக்கா மட்டும் இருக்கிறாள். பால்கனியைத் தாங்குகிற சுவரில், மாடிப்படி திரும்புகிற இடத்தில், போன மழைக்கு ஒரு விரிசல் விட்டது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார்.

“இது கிழிஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். அப்புறம் ஒருத்தரையும் மேலே ஏத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கூட்டத்தை வாசலில் நிறுத்திவிட்டுத் தங்கை மட்டும் படியேறிப் பார்த்தாள். காகிதம் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் மாவுப் பசையின் வாசம் அடித்தது. விரல் வைத்துப் பார்த்தாள், ஈரம். அடியில் பழைய காகிதத்தின் கிழிந்த விளிம்பு தட்டுப்பட்டது. மாடியில் நின்ற அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இதை எப்போ ஒட்டினே?”

“எதை?” அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“விரலெல்லாம் பசை. மறைச்சு என்ன பண்றது?”

“கிழிஞ்சது வெளியே தெரிஞ்சா நகராட்சிக்காரங்க வீட்டைப் பூட்டிடுவாங்க. அப்புறம் என்னை எங்கே வைப்பே? உன் அலமாரி மேலயா?”

“என் வீட்டுக்கு வா.”

“அங்கே திரும்பிப் படுத்தா சுவர் இடிக்கும்.”

தங்கை இறங்கி வந்தாள். “இன்னிக்கு மாடி கிடையாது, மன்னிச்சுக்கோங்க. எதிர்ப்பக்கம் நின்னு பாக்கலாம்.”

“இதுக்குத்தானேம்மா இவ்வளவு தூரம் நடந்தோம்” என்றார் கூட்டத்தில் ஒரு தொப்பிக்காரர்.

தெருவைக் கடந்து எல்லாரும் திரும்பிப் பார்த்தால், பால்கனியில் அக்கா. எனக்கு ஒண்ணும் ஆகலையே பார் என்கிற மாதிரி நின்று கையாட்டுகிறாள். கீழே இருந்தவர்களும் சிரித்துக்கொண்டு கையாட்டினார்கள், படம் பிடித்தார்கள்.

“வீடு நல்லாத்தானே இருக்கு?” என்றார் தொப்பிக்காரர்.

சொன்னால் அக்காவுக்கு வீடு போகும். தங்கை ஒருமுறை மேலே பார்த்தாள்.

“இல்லைங்க. அந்தச் சுவர் நகருது. அதுமேலதான் எங்க அக்கா நிக்கிறா.”

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதற்குள் தங்கை ஓடிப்போய்ப் படியேறியிருந்தாள்.

“அக்கா, உள்ளே வா. மெதுவா.”

“சொல்லிட்டியா அவங்ககிட்ட?”

“சொல்லிட்டேன்.”

“பாவி” என்றாள் அக்கா. ஆனாலும் கையைக் கொடுத்தாள்.

படி திரும்புகிற இடத்தில் இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். ஈரக் காகிதம் சத்தமே இல்லாமல் நடுவில் பிரிந்திருந்தது. அக்கா கிழிந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“பசை இன்னும் காயல” என்றாள். “அதான்.”