லுஸ்வெட்டி ஸ்டோர்ஸ், கிளைகள் நான்கு

நைரோபியிலிருந்து வந்த கதோகோ எங்கள் வெபுயே கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு கிளைய மட்டும் எங்க கம்பெனி எடுத்துக்கும்மா. ஆளுங்க எல்லாரும் அப்படியே இருக்கட்டும். மேனேஜரா நீங்களே இருங்க" என்றார். மற்ற மூன்று கிளைகளையும் தொடமாட்டாராம். அடுத்த வாரம் பத்திரத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் லுஸ்வெட்டி கையெழுத்துப் போட்டால் என் கடை பிழைக்கும். போடாவிட்டால் மற்ற மூன்றோடு சேர்ந்து இதுவும் போகும். எனக்கு அந்தக் கடை வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரிடம் எனக்கென்று நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஒரு காலத்தில் லுஸ்வெட்டி ஸ்டோர்ஸ் என்றால் கென்யாவின் மேற்குப் பக்கம் முழுக்கத் தெரியும். வங்கியிலிருந்து வந்த படித்த பையன் ஒருவன், "எந்தக் கணக்குல கிளைக்கு ஊரத் தேர்ந்தெடுத்தீங்க ஐயா?" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். இவர் தாடையைச் சொறிந்தார். கல்யாணக் கணக்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? புங்கோமா பேருந்து நிலையத்தில் மண்ணெண்ணெயும் உப்பும் விற்ற கடை மூத்த மனைவி நக்குமிச்சாவுடையது. என்னை இரண்டாவதாகக் கட்டியபோது எனக்குத் தனி வீடு, தனி அடுப்பு என்று எங்கள் வழக்கப்படி எல்லாம் செய்தார். ஆனால் மூத்தவளுக்குக் கடை இருக்கிறதே? அதனால் வெபுயேயில் ஒன்று திறந்தார். பிறகு நெலிமா வந்தாள், கிமிலிலியில் ஒன்று. கடைசியாக நலியாக்கா என்பவள் வந்தாள், சுவேலேயில் ஒன்று. வாடிக்கையாளரைப் பார்த்துக் கிளை திறக்கிற கம்பெனி உண்டு. நாங்கள் மணப்பெண்ணைப் பார்த்துத் திறந்தோம்.

திறந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வீட்டுக்குச் செய்தது நான்கு வீட்டுக்கும் செய்ய வேண்டும். எங்கள் கடை நெடுஞ்சாலையில் இருக்கிறது. உகாண்டா போகிற லாரிக்காரர்கள் குளிர்ந்த பால் கேட்கிறார்கள் என்று நான் ஒரு ஃபிரிட்ஜ் கேட்டேன். நான்கு ஃபிரிட்ஜ் வந்தது. சுவேலேயில் அப்போது பாதி நாள் கரண்ட் இருக்காது. நலியாக்கா அதற்குள் சோள மாவை வைத்து, எலி வராது என்று சந்தோஷப்பட்டாள். புங்கோமா கடைக்கு மாடி கட்டியதும் எங்கள் எல்லோருக்கும் மாடி. என் மாடியில் வைக்க ஒன்றுமில்லாமல் மெத்தைகளை அடுக்கினோம். மெத்தை வாங்க யார் படியேறி வருவார்கள்? மதியத்தில் வேலைக்காரப் பெண்கள் தூங்கத்தான் பயன்பட்டது. மூத்தவளுக்குப் பச்சை பிடிக்கும் என்று நான்கு கடைக்கும் பச்சைப் பெயின்ட். எனக்குப் பச்சையைக் கண்டாலே ஆகாது. முப்பது வருஷமாக அதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் கடை சம்பாதித்தது. மற்ற மூன்றும் தின்றன. யாரையும் குறை சொல்லவில்லை, அவர்களும் உழைத்தார்கள். ஆனால் என் கடைக்கு வரும் சர்க்கரையும் சோப்பும் நான்காகப் பிரிந்து மூன்று பங்கு லாரி ஏறிப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் சரக்கு கொடுப்பவர்களே கையை விரித்துவிட்டார்கள். மூன்று கடையிலும் அலமாரியின் முன்வரிசையில் மட்டும் டப்பாக்கள், பின்னால் வெறும் பலகை. அந்த நேரத்தில்தான் கதோகோ வந்தார்.

என் கணவர் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார். என் முறை வந்தது. பணம் வாங்கும் இடத்திலிருந்த நெக்கோயே எட்டிப் பார்த்து, "அம்மா, ஐயா வர்றாரு. மூஞ்சி சரியில்ல" என்றாள்.

"அவருக்கு என்னைக்குச் சரியா இருந்துச்சு? போய் டீ போடு" என்றேன்.

எங்கள் மூத்த மகன் சிமியு. அதனால் நான் அவரைக் கூப்பிடுவது பாபா சிமியு, சிமியுவின் அப்பா, என்றுதான். அவர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"கதோகோவ வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

கையிலிருந்த கணக்கு நோட்டை மூடினேன். "ஏன்?"

"மூணு கதவ மூடிட்டு ஒண்ண மட்டும் தொறந்து வைக்க முடியாது நசம்பு. வெள்ளிக்கிழமை நாலையும் ஒரே நேரத்துல மூடிடலாம். சாயங்காலம் நாலு மணிக்கு."

"நேரம் வேற குறிச்சாச்சா?"

"ஒருத்தி முன்னால, ஒருத்தி பின்னாலன்னு வரக்கூடாது பாரு."

"மூணு வீட்டுல எழவு விழுந்தா நாலாவது வீட்டுலயும் ஒருத்தரக் கொன்னு போடுவீங்களா? இது என்ன நியாயம், பாபா சிமியு?"

"அவங்க என்ன நினைப்பாங்க?"

"என்னதான் நினைப்பாங்க, சொல்லுங்க."

"உன்னத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு நினைப்பாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். இல்லாதத நினைச்சா யாருக்கு என்ன நட்டம்?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இல்லாததா இருந்தா நான் ஏன் பயப்படணும்?" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாருக்கும் ஒண்ணுபோலச் செஞ்சா வெளிய தெரியாதுன்னு நினைச்சேன். உன்னக் கட்டின நாள்லேருந்து அதான் செஞ்சுட்டு இருக்கேன்" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர். இந்த வார்த்தைக்காகச் சின்ன வயதில் எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன். இப்போது கோபம்தான் வந்தது.

"இதச் சொல்லிட்டுத்தான் கடையப் புடுங்குறீங்களா? உங்க பிரியத்த நீங்களே வச்சுக்குங்க. கதோகோவுக்குப் போன் போடுங்க."

"போட மாட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குக் கடையே வேண்டாம்னு இருந்திருப்பேனே. இன்னைக்கு எனக்குக் கடைதான் வேணும்."

"தெரியும்" என்றார். அன்று நான் ஆக்கிய கோழிக்குழம்பும் சோள மாவில் கிண்டிய உகாலியும் அப்படியே இருந்தன. இருவரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மீதியிருந்த ரொட்டியையும் பாலையும் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தேன். நெக்கோயே மூக்கைச் சிந்திக்கொண்டே, "நம்ம கடை நல்லாத்தானேம்மா ஓடுச்சு?" என்று கேட்டாள்.

"ஓடுனதுதான் தப்பாப் போச்சு. வீட்டுக்குப் போ" என்றேன்.

நாலு மணிக்கு ஷட்டரை இழுத்தேன். முட்டி வலித்தது. வெளியே ஒரு லாரிக்காரன் இறங்கி வந்து பால் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் திட்டிக்கொண்டே போய் வண்டியை எடுத்தான். அப்போது போன் அடித்தது. மூத்தவள்.

"உன்னோடதும் மூடியாச்சா?"

"மூடியாச்சு அக்கா."

"நைரோபிக்காரன் உன் கடைய மட்டும் கேட்டானாமே?"

"கேட்டான். அவரு ஒத்துக்கல."

அந்தப் பக்கம் நக்குமிச்சா அழுவது கேட்டது. கடை போனதற்கு அழுகிற அழுகை இல்லை அது. "பாத்தியாடி? நீ வந்த நாள்லேருந்து எனக்கு ஒரே பயம்டி, உன்னத்தான் அவருக்கு ஒசத்தின்னு. கடைசி வரைக்கும் யாருக்கும் ஒரு குந்துமணி கூடக் குறைய வைக்கலியே அந்த மனுஷன். எனக்கு அது போதும்" என்றாள்.

மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அவர் சொன்னது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடையும் போயிற்று, இனி மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஒரு வார்த்தை போதும், அவளுடைய நிம்மதியை அங்கேயே உடைத்துவிடலாம். உடைக்கவும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். அதையும் நான்காகப் பங்கு போட எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாக்கா, அவரு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைப் போட்டேன்.