தாராபுரத்துக்கு அப்பால்

தாராபுரத்தைத் தாண்டியதும் பூங்குழலியைக் காணவில்லை.

திரையில் என் மகளின் விமானம் ஒரு சின்ன மஞ்சள் குறி, அவ்வளவுதான். சேலத்தில் கிளம்பி, ஈரோடு வந்து, காங்கேயத்துக்கு மேலே போய், தாராபுரத்தில் திரும்பி, கரூர் வழியாகச் சேலத்துக்கே போய் இறங்க வேண்டும். பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் அவள் தன்னந்தனியாக ஓட்டும் முதல் நீண்ட பயணம். காங்கேயத்துக்கு மேலே வந்தபோது நான் தோசைக்கரண்டியும் கையுமாகத் திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டேன். குறி தாராபுரத்தில் அழகாக வளைந்தது. பிறகு நகராமல் நின்றது. என்ன இது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் மங்கி, அழிந்தும் போனது. அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. நான் நகரவில்லை.

விமானங்கள் எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று ஓயாமல் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகின்றன. அதைக் காதில் வாங்கித் திரையில் காட்டும் ரிசீவர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பூங்குழலி கல்லூரியில் படிக்கும்போது வாங்கி, தன் அறை ஜன்னலில் விரல் நீள ஆன்டெனாவோடு வைத்திருந்தாள். சேலத்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஜன்னலில் இருந்தவரை அதற்கு ஊத்துக்குளியைத் தாண்டித் தாழப் பறக்கும் எதுவும் கேட்காது. என் பெண் பறப்பது சேலத்தில். ஊத்துக்குளியோடு நின்றுவிடும் பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அதனால் கற்றுக்கொண்டேன். ஆன்டெனாவை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். கேபிள் நீளமாக இருந்தால் வந்த சிக்னல் வழியிலேயே செத்துவிடும் என்று யூடியூபில் ஒரு தம்பி சொன்னார். பெட்டியையே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு மாடியில் வைத்து, கேபிளை முழ நீளமாகக் குறைத்தேன். அடுத்த தெரு செல்போன் டவர் போடும் கூச்சலில் மற்றது எதுவும் காதில் விழவில்லை என்று தெரிந்ததும், அதை வடிகட்டும் பில்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். தெற்குப் பக்கத்துப் பனியன் கம்பெனிக்காரர் புதிதாக ஒரு மாடி எழுப்பி வானத்தை மறைத்தபோது, தண்ணீர் டேங்க் மேலே இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனாவை அதன் உச்சிக்கு ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் திரையில் வட்டம் கொஞ்சம் பெருத்தது. ஈரோடு வந்தது, சங்ககிரி வந்தது, ஒருநாள் சேலம் வந்தது. ரன்வேயை விட்டுக் கொஞ்சம் எழும்பினால் போதும், என் மகள் என் கண்ணுக்கு வந்துவிடுவாள்.

என் வீட்டுக்காரர் வேல்குமார் கீழே ஷெட்டில் நாலு நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். எங்கோ ஒரு நூல் அறுந்தாலும் அவருக்குத் தூக்கத்தில் கூடக் கேட்கும். ஆன்டெனா விஷயத்தில் மட்டும் என்னைக் கேலி செய்யாத நாளில்லை. ஊரே பனியனை ஏற்றுமதி செய்கிறது, இவள் பெண்ணை ஏற்றுமதி செய்துவிட்டு டேங்க் மேலே ஏறிக் காவல் காக்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஆனால் கண் தெளிந்ததும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. பூங்குழலி இறங்கியதும் போன் போடுவேன். இன்றைக்கு ஏன் இறங்காமல் ரெண்டு சுற்று சுற்றினாய், மலைப்பக்கம் ஏன் அவ்வளவு தாழப் போனாய், அந்தத் திருப்பம் ஏன் அப்படிக் கோணலாக இருந்தது. முதலில் சிரித்தாள். பிறகு ஒருநாள் அவள் குரல் கெட்டியாகிவிட்டது. “நீ பாக்கறேன்னு தெரிஞ்சா என்னால ஓட்ட முடியலம்மா. வாத்தியாரு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அந்தப் பெட்டியக் கழட்டி வெச்சிரு.” கழட்டிவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். அதன் பிறகு அவள் இறங்கியதைத் திரையில் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவந்தேன்.

அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. யாரிடம் கேட்பது? அவள் போன் அணைந்திருக்கும். பயிற்சிப் பள்ளிக்குக் கூப்பிட்டு என் பெண்ணின் விமானத்தைக் காணவில்லை என்று சொன்னால், அவர்கள் ரேடியோவில் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவளோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள். அங்கே மேலே தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கவனம் சிதறும். அதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது. உலகத்து விமானங்களையெல்லாம் காட்டும் இணையதளத்தைத் திறந்தேன். அங்கேயும் தாராபுரத்தோடு கோடு நின்றிருந்தது. நிற்காமல் என்ன செய்யும், இந்தப் பக்கம் தாழப் பறப்பவற்றின் தகவல் அதற்கு எங்கள் பெட்டியிலிருந்துதான் போகிறது.

பெட்டி கெட்டுவிட்டதா என்று பார்த்தேன். பெரிய விமானங்கள் இரண்டு மூன்று தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. அப்படியென்றால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டி நன்றாக இருந்தால், என் பெண்? பிறகுதான் கவனித்தேன். வழக்கமாக இந்நேரம் பெங்களூர் பக்கம் ஈ மொய்ப்பது போல இருக்கும். இன்று அங்கே ஒன்றுகூட இல்லை. தூரத்துக் குறிகள் எதுவுமே இல்லை, ஆன்டெனாவில்தான் கோளாறோ? விடியற்காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது.

சத்தம் போட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே மாடிக்கு ஓடினேன். இத்தனை மாதமாக எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஏறிய ஏணி அது. இன்று, முருகா, ஏதாவது ஒரு குறை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஏறினேன்.

குறை இருந்தது. கேபிளும் ஆன்டெனாவும் சேரும் இடத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு முண்டு. சிவப்பும் நீலமுமாகப் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, மேலே கறுப்பு டேப் போட்டு இறுக்கியிருந்தது. நான் செய்தது இல்லை. எங்கள் ஊரில் குழாய் ஒழுகினாலும் கதவு ஆடினாலும் முதலில் கை போவது பனியன் வேஸ்ட்டுக்குத்தான். பருத்தித் துணி மழைத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்து, டேப் அதை வெளியே விடாமல் பிடித்து, உள்ளே கனெக்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறப் போட்டிருந்தது. ஒரு பிழி பிழிந்தேன். சாயத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. வாழ்க்கையில் எந்தத் தண்ணீரையும் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வீட்டுக்காரர் ஏணிக்குக் கீழே வந்து நின்றிருந்தார்.

“நாந்தான் சுத்துனேன்” என்றார். “நேத்துப் பாத்தா டேப்பு பிஞ்சு தொங்குச்சு. மழை வந்தா தண்ணி எறங்கிருமேன்னு.”

“நீங்க எதுக்குங்க மேல ஏறுனீங்க?”

அவர் வேறெங்கோ பார்த்தார். “அவ இன்னைக்குத் தனியாப் போறாள்ல.”

நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் பயப்படுவார் என்று மறைத்திருந்தேன். பெண்ணே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவரோ ஷெட்டில் மிஷின் சத்தத்துக்கு நடுவே தன் போனில் இத்தனை நாளும் அந்த மஞ்சள் குறியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அவரை நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது, இறங்கிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மிஷினில் படியும் பஞ்சை ஊதித் தள்ளுவார்களே, அந்தக் கை ப்ளோயரை எடுத்துவரச் சொன்னேன். அவர் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு ஏணியில் பாதி ஏறிக் கொடுத்தார். முண்டை அறுத்து எறிந்து, கனெக்டரைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் ஊதினேன். கழற்றிய நட்டு ஒருமுறை கை நழுவி டேங்க் மேலே உருண்டு, விளிம்பில் நின்றது. ஒருவழியாக மாட்டி முடித்தேன். ப்ளோயரை அவர் வாங்கிக்கொண்டு ஏணியில் நின்றபடியே போனில் பார்த்தார்.

“வருது. பெங்களூர்ப் பக்கம் வருது. திருச்சி வருது. அக்கட்டால கொச்சி கூட வந்துருச்சு.”

அப்புறம் விரலால் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினார்.

“அவ?”

“இல்ல.”

வானம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. இனி எந்தக் குறையும் இல்லை. அந்த ஈரத் துணியை மறுபடி எடுத்துச் சுற்றிவிடலாமா என்றிருந்தது எனக்கு. நான் தடவித் தடவி வேலை செய்த நேரத்தில் அவள் கரூரைத் தாண்டிச் சேலத்தில் இறங்கியிருக்கலாம். தரையில் இருப்பவளை எங்கள் ஆன்டெனாவால் பார்க்க முடியாது. கரூருக்கு இந்தப் பக்கம் ஏதாவது காட்டில் விழுந்து கிடந்தாலும் பார்க்க முடியாது. இரண்டும் திரையில் ஒன்றுதான். டேங்க் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்குப் போன் போடு என்று அவர் இருமுறை சொன்னார். நான் போடவில்லை. அவருக்கும் போட மனம் வரவில்லை, சொன்னதோடு சரி.

போன் அடித்தது. அவர் கையில் இருந்த திரையில், விமானங்களுக்கு மேலே அவள் பெயர் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டு, கையை உயர்த்தி என் பக்கம் நீட்டினார். நான் எப்போதும் கேட்பதைக் கேட்டேன்.

“சாப்டியா, கண்ணு?”

“எறங்கிட்டேன்மா.”

என் கண்ணிலிருந்து கொட்டியதை அவள் பார்க்க முடியாதே என்று நிம்மதியாக இருந்தது. எங்கே போய்விட்டு இறங்கினாய் என்று, ஒன்றும் அறியாத குரலில் கேட்டேன். அவளுக்குப் பின்னால் யாரோ கை தட்டும் சத்தமும் சிரிப்பும் கேட்டது. அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்து வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“நான் போன கோட்ட சைட்ல எடுத்துப் பாத்தேன். தாராபுரம் வரைக்கும் இருக்குது. நம்மூட்டுப் பெட்டி இல்லாம அது வராதும்மா.”

பிடிபட்டேன். பொய் சொன்னது தப்புதான், இனிமேல் சத்தியமாகக் கழட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நீ கழட்டியிருக்க மாட்டேன்னு தெரியும்” என்றாள். “கரூர்கிட்ட திடீர்னு மேகம் வந்துருச்சு. கீழ ரோடு தெரியல, ஆறு தெரியல. பயந்துட்டேன். அம்மா பாத்துட்டுத்தான் இருக்குதுன்னு நெனச்சுட்டே ஓட்டிட்டு வந்தேன்.” அவள் மூச்சு விடுவது கேட்டது. “தாராபுரம் வரைக்கும் பாத்தியே. அதுக்கப்பறம் ஏம்மா பாக்கல?”

ஏணியின் பாதியில் நின்றவர் ஒரு கையில் ப்ளோயரோடு, மற்றக் கையில் போனை எனக்கு எட்டும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கை வலித்திருக்கும். இறக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் போனைப் பார்த்தார். அம்மா, அம்மா, கேக்குதா என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.